விழுந்ததால் முறியவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சின்ன வாலு மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எப்போதும் அதுதான் என் முதல் வரி, கோபத்திலும் அதை மாற்ற மாட்டேன். அடுத்த வரியாக இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். நான் சௌக்கியமா இல்லையா என்பது எனக்குத் தெரிவதற்கு ஐந்து வாரம் முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிட்டதால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். பதினோரு நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் சரி விடும்மா என்று சொல்லிவிடுவேன், அந்த ஒரு வார்த்தையோடு என் கோபம் எல்லாம் போய்விடும். போக விடுவதாக இல்லை. அதனால்தான் கடிதம். உன் அம்மா இதைப் போனில் படம் எடுத்து அனுப்பிவிடலாம், ஒரு நிமிஷத்தில் போய்ச் சேரும் என்கிறாள். தபாலில்தான் போகும். பத்து நாள் ஆகுமாம், ஆகட்டும். எனக்கு வரவேண்டிய செய்தி வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

உனக்குத் தெரிந்த பாதியையும் எனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்து நடந்ததை ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் அப்படி இல்லை இப்படி என்று மாற்றிப் பேச வேண்டாம். நாலு வருஷம் முன்பு எனக்கு புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, கதிர் சிகிச்சை கொடுத்து, அடங்கிவிட்டது என்று சொன்னார்கள். அப்போது ஆஸ்பத்திரிப் பதிவில் போன் நம்பர் கேட்டபோது நீதான் உன் நம்பரைக் கொடுத்தாய். ஆன்லைனில் நாள் வாங்குவது, பணம் கட்டுவது எல்லாம் உன் வேலை, அப்பாவுக்கு இதெல்லாம் எதற்கு என்றாய். எனக்கும் வசதியாக இருந்தது, சரி என்றேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம், அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு இந்த வருஷம் இடுப்பு வலி, வலது தொடையில் உள்ளுக்குள் குடைகிற வலி, படுத்தால் அதிகமாகிற வலி. ரத்தப் பரிசோதனையில் ஏதோ எண் ஏறியிருக்கிறது, எலும்பு ஸ்கேன் எடுங்கள் என்றார் டாக்டர். கையில் ஊசி போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, பலகையில் படுக்க வைத்தார்கள், தட்டு மாதிரி ஒரு பெரிய இயந்திரம் மூக்குக்கு நாலு விரல் உயரத்தில் வந்து நின்று மெதுவாகக் கால்வரை நகர்ந்தது. அது நகர்ந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, நல்ல மோட்டார், ஒரு குலுக்கல் இல்லை. இறங்கியதும் அங்கே இருந்த பெண், ரிப்போர்ட் மெசேஜ்ல வந்துடும் ஐயா, நீங்க கிளம்பலாம் என்றாள். வந்தது, உன் போனுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டு, ஒண்ணுமில்லப்பா, எலும்புத் தேய்மானம்தான், வயசாச்சுல்ல என்றாய். முப்பத்தொரு வருஷம் லிப்ட் பழுது பார்த்தவன், தேய்ந்த சாமானை மாற்றாமல் ஓட்டமாட்டேன், இந்த எலும்பை எந்தக் கடையில் மாற்றுவது என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். எப்படியம்மா சிரித்தாய்?

அப்புறம் ஆரம்பித்தது உன் உத்தரவுகள். குச்சி வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், மாடிப்படி ஏறக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது, காலை மடக்கித் தரையில் உட்காரக்கூடாது. ஏன் என்று கேட்டால் தேய்மானம். குச்சியை நீயே அங்கிருந்து ஆர்டர் போட்டு அனுப்பினாய், அடியில் ரப்பர் வைத்த நல்ல குச்சி. அதை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா, கூடத்து மூலையில் ஒட்டடை அடித்தேன். தேய்மானத்துக்கு இந்தத் தெருவில் யார் குச்சி பிடிக்கிறார்கள், என் வயசில் எல்லாருக்கும் தேய்மானம், எல்லாரும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு இயந்திரத்தை ஓட்டாதே என்று சொன்னால் எதனால் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஓட்டிப் பார்ப்பேன், என் குணம் உனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறாயே. நடுவில் வயிற்றில் ஒரு ஊசி போட்டார்கள். எலும்புக்குச் சத்து ஊசி என்றாய், நானும் நம்பினேன். பத்து நாளில் உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரிந்து சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது, ஜன்னலைத் திற, மின்விசிறியைக் கூட்டு என்று நான் கத்துகிறேன், உன் அம்மா, எனக்கு அந்த வயசுல வந்தப்ப நடிக்கிறேன்னு சொன்னீங்கல்ல, இப்ப நீங்க நடிங்க என்று சிரிக்கிறாள். அது ஆண் ஹார்மோனை நிறுத்துகிற ஊசி என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. என் உடம்புக்குள் ஏறிய மருந்தின் பெயர் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. யார் காதில் பூ சுற்றினாய் நீ?

நம் கட்டடத்து லிப்ட் பாதியில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கீழ்வீட்டுத் தையல்காரர் தைத்து முடித்த பள்ளிச் சீருடை மூட்டையோடு உள்ளே மாட்டிக்கொண்டார், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். பராமரிப்புக் கம்பெனி ஆள் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். அந்த மனுஷருக்கு மூச்சு முட்டுகிற சுபாவம், உள்ளேயிருந்து, அண்ணே நீங்க இருக்கீங்கல்ல, திறங்கண்ணே என்று கத்துகிறார். நான் எப்படிச் சும்மா இருப்பேன், அது என் தொழில். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி என் பூட்டைப் போட்டுவிட்டு, மொட்டை மாடிக்கு மேலே இருக்கிற மோட்டார் அறைக்கு இரும்பு ஏணியில் ஏறினேன். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கதவு திறக்கும், கால் மணி நேர வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். நாலாவது படியில் வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். அவ்வளவுதான் செய்தேன். உள்ளே சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது, பிறகுதான் கை நழுவியது. இதை நான் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன், விழுந்ததால் எலும்பு முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தேன். மேலே நான் ஏணியடியில் கிடக்கிறேன், கீழே பெட்டிக்குள் தையல்காரர், அண்ணே இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார், நான் கால் போச்சு என்று கத்துகிறேன், அது அவர் காதில் சரியாக விழாமல், கால் மணி நேரமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது மேலே வந்து என்னைத் தூக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. வலி பொறுக்க முடியாமல் நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை, எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் எலும்பு டாக்டர் வந்தார், சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. எக்ஸ்ரேயைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் என் பழைய காகிதங்களைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த இடம் பலவீனமா இருக்குன்னு ஸ்கேன்லயே வந்திருக்கே ஐயா, சீக்கிரம் எங்களைப் பார்க்கச் சொல்லி உங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்காங்களே, நீங்க ஏன் வரலை என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறது என்பதை நானும் அவளும் அந்தத் தள்ளுவண்டிப் படுக்கையில், பக்கத்தில் யாரோ ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, என்னை ஏன் வரவில்லை என்று குற்றம் சொல்கிற ஒரு அந்நியர் வாயால் தெரிந்துகொண்டோம். நீ எங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த அதிர்ச்சி இதுதான். முறிவதற்கு முன்னாலேயே கம்பி வைத்திருந்தால் சின்ன ஆபரேஷனாக முடிந்திருக்கும், மூன்றே நாளில் நடந்து வீட்டுக்கு வந்திருப்பேன் என்று அந்த டாக்டர் சொன்னார். ஆபரேஷன் என்றால் அப்பா காரணம் கேட்பார், நான் ஸ்கூல் லீவுக்கு வந்து நேரில் சொல்லிக்கிறேன், அதுவரை தள்ளிப்போடுங்க என்று நீ கேட்டுக்கொண்டாயாம். இப்போது தொடை எலும்புக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி, இரண்டு பக்கமும் ஆணி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போகிறேன், உன் அம்மா பின்னாலேயே வருகிறாள், வெளியே நின்று ஆச்சா என்று கேட்கிறாள். என் நிலைமை இது.

படுத்திருந்த நாட்களில் புற்றுநோய் டாக்டரை உட்கார வைத்து ஒன்று விடாமல் கேட்டேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், நீ ஐந்து வாரம் முன்னாலேயே படித்து முடித்திருப்பாய், இருந்தாலும் நான் எழுதுவேன். இது எலும்பில் புதிதாக வந்த வேறு நோய் இல்லை, அதே பழைய புரோஸ்டேட் நோய்தான், ரத்தத்தோடு போய் எலும்பில் குடியேறியிருக்கிறது, அதனால் மருந்தும் புரோஸ்டேட்டுக்கு உள்ள மருந்துதான். நம் எலும்பு சும்மா இருக்கிற பொருள் இல்லையாம், தினமும் ஒரு கூட்டம் பழசை இடிக்கிறது, இன்னொரு கூட்டம் புதுசாகக் கட்டுகிறது. இந்த நோய் நடுவில் புகுந்து இரண்டு கூட்டத்தையும் குழப்பிவிடுகிறது. என் மாதிரி நோயில் பெரும்பாலும் கண்டபடி கட்டிவிடுமாம், படத்தில் கெட்டியாக வெள்ளையாகத் தெரியும், ஆனால் பலம் இருக்காது. சிமென்ட் அளவு பார்க்காமல் கட்டிய தூண்தான். தொடையில் ஒன்று, இடுப்பில் இரண்டு, முதுகுத்தண்டில் ஒன்று, மொத்தம் நாலு இடம். தையல் பிரித்து புண் ஆறியதும் தொடைக்கும் முதுகுக்கும் கதிர் கொடுப்பார்கள், வலி குறைவதற்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஹார்மோன் ஊசி, தினமும் மாத்திரை. எலும்பு இன்னும் முறியாமல் இருக்க ஒரு ஊசி தனியாக இருக்கிறது, அதைப் போடுமுன் பல் டாக்டர் வாயைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். என் ஆடுகிற கடைவாய்ப் பல்லை இப்போதே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கு மார்பின் கொடுத்தபோது நான் பயந்தேன், கதை முடிந்தவர்களுக்குத்தானே அது என்று. அப்படி இல்லை, வலி இருந்தால் சாப்பிட வேண்டியதுதான், சொன்ன அளவில் சாப்பிடுங்கள், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றார். முக்கியமானது ஒன்று, கால் திடீரென்று மரத்துப்போனாலோ, பலம் இல்லாமல் தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமலோ வராமலோ போனாலோ அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கே ஏறியது தெரியுமா கோபம்? இந்த ஐந்து வாரத்தில் எனக்குக் கால் மரத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? தேய்மானம் என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டு படுத்திருப்பேன். ஆயுசு முழுக்கப் படுத்தே இருந்திருப்பேன். அதை நீ யோசித்தாயா?

டாக்டரையும் நான் விடவில்லை. ஏன் சார் என் நோயை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பொண்ணு ரொம்பக் கெஞ்சினாங்க, அப்பா உடைஞ்சு போயிடுவார்னாங்க என்றார். உடைந்துதான் போனேன் சார், தொடையில் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார், தப்புதான், முதல்ல உங்ககிட்டதான் பேசியிருக்கணும் என்றார். ஒரு டாக்டர் தப்பு என்று சொல்லிக் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை, அதனால் அதற்கு மேல் கத்தவில்லை. பதிவு மேஜைக்குத் தள்ளுவண்டியில் போய் உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன். மேஜையில் இருந்த பெண், உங்களுக்கு மெசேஜ் பார்க்கத் தெரியுமா ஐயா என்று கேட்டாள். கதவு மோட்டார் வயரிங் படமே பார்க்கத் தெரியும் அம்மா, மெசேஜ் என்ன என்றேன்.

உனக்கு மீசைக்காரர் நினைவிருக்கும், என்னோடு வேலை பார்த்தவர், நீ சின்னவளாக இருக்கும்போது பட்டறைக்கு வந்தால் உனக்குப் பழைய லிப்ட் பட்டன்களைக் கொடுத்து விளையாட வைப்பார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் கயிற்றில் மூன்று இழை அறுந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பழுது என்று பலகை மாட்டாமல், மேலே கிரீஸைப் பூசி, புதுக் கயிறு வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று ஓட விட்டார். நான் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன், அவர் வேலையிலிருந்து மூன்று மாதம் நிறுத்தப்பட்டார். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டதற்கு, ஜனங்க பயந்துடுவாங்கன்னுதான் சொல்லலை என்றார். பயப்பட வேண்டியவனைப் பயப்பட விடாமல் வைப்பது கொலைக்குச் சமம் என்று பட்டறை நடுவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவே இல்லை, பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா போனை என் காதில் வைத்தபோது நீ என்ன சொன்னாய், பயந்துடுவீங்கன்னுதான்ப்பா சொல்லலை. அதே வார்த்தை. போனை நான் தள்ளிவிட்டது அதனால்தான். அந்த மனுஷர் கெட்டவர் இல்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், ஆனால் மன்னிக்கத் தோன்றவில்லை. அவரோடு பதினெட்டு வருஷம் பேசாமல் இருந்தவனுக்கு உன்னோடு பதினோரு நாள் பேசாமல் இருப்பது அதைவிட நீளமாக இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன் மேல் கோபம்.

உன் அம்மா முழுக்க உன் கட்சி. அவ பாவம்ங்க, தன்னந்தனியா வச்சுக்கிட்டு என்ன பாடுபட்டாளோ என்று தினமும் என்னிடம் உனக்காகப் பரிந்து பேசுகிறாள். நான் பாவம் இல்லையா என்று கேட்டால், உங்களுக்கு நான் இருக்கேன், அவளுக்கு அங்க யாரு என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி, அதை மறைத்துக்கொண்டு நடக்கிறாள், இந்தக் குடும்பத்தில் இது தொற்று வியாதி. அடுத்த வாரம் அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லித் தையல்காரர் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தையல்காரர் நலம், குற்ற உணர்ச்சியில் எனக்கு இரண்டு பைஜாமா தைத்துக் கொடுத்திருக்கிறார், கட்டுப் போட்ட பக்கம் பட்டன் வைத்து. நீ வேலையை விட்டுவிட்டு உடனே கிளம்பி வரப்போவதாக அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். அந்தப் பைத்தியக்காரத்தனம் வேண்டாம். லீவு போட்ட தேதியிலேயே வா, வாலுவின் பரீட்சை முடியட்டும். இது குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம், பல பேர் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள், எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உன்னிடமும் இதையேதான் சொன்னாராம். கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன். உடைந்து போகவில்லை பார்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். தையல் பிரிக்க வந்த நர்ஸ், உங்க பொண்ணு அஞ்சு வாரத்துல பத்தொன்பது தடவை போன் பண்ணியிருக்காங்க ஐயா, நீங்க எந்தப் பக்கம் படுத்தா நல்லதுன்னுகூடக் கேட்டாங்க என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ தினமும் எந்தப் பக்கம் படுத்தீங்கப்பா என்று கேட்பாயே, நான் உன் அம்மா குறட்டை கேட்காத பக்கம் என்று சொல்வேனே. நீ சிரிப்பாயே.

பல்லுக்கு வியாழக்கிழமை, கதிருக்கு அதற்கடுத்த திங்கட்கிழமை. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இனி என் போனுக்கு வரும், வந்த அன்றைக்கே உனக்கு அனுப்புவேன், நல்லதோ கெட்டதோ ஒரு எழுத்தை மறைக்க மாட்டேன். பதிலுக்கு எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த ஐந்து வாரமும் தினம் சாயங்காலம் என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தாயே, வைத்த பிறகு நீ என்ன செய்தாய்? மாப்பிள்ளையிடம் சொன்னாயா, அவரிடமும் மறைத்தாயா? சாப்பிட்டாயா, தூங்கினாயா? ஒரு நாள் விடாமல் எழுது. அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்து எதையும் விட்டுவிடாதே. பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுது.

நீங்கள் மூவரும் எல்லா நலத்தோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
கோபம் இன்னும் தீராத,
உன் அப்பா.